அயர்லாந்தில் ஒரு கோயம்புத்தூர்க்காரி

அயர்லாந்தைத் தெரிவு செய்தவள் என் மனைவி ரெஜினா. காரணம், அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

“இஞ்சாருங்கோ, அயர்லாந்திலை எங்கட ஆக்கள் ஆராவது இருக்கினமோ?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் கேட்டாள். எங்கள் ஆட்கள் எந்த நாட்டின் பெயரைக் கேட்டாலும் முதலில் கேட்கும் கேள்விதான். ஆனால் மற்றவர்கள் ஆவலோடு கேட்பார்கள். ரெஜினா பயந்து பயந்து கேட்டாள். எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை என்றேன். “அப்ப அங்கை போவம்” என்றாள்.

நாங்கள் பல வருடம் ஹொலண்டில் இருந்துவிட்டு, அந்த நாட்டுக் கடவுச்சீட்டோடு லண்டனுக்குக் குடிபெயர்ந்தவர்கள். தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறோம். ஐரோப்பா முழுவதும் சுற்றியவர்கள் என்று எங்களுக்குப் பெயர். சுற்றியது உண்மை. பாரிசுக்குப் போனது ஒரு பிள்ளையின் முதல் நன்மைப் பூசைக்கு. ஜெர்மனிக்குப் போனது ஒரு கலியாணத்துக்கு. சுவிசுக்குப் போனது என் தம்பி வீட்டுப் பிள்ளைப்பேற்றுக்கு. ஈபிள் கோபுரத்தை ரெஜினா பார்த்தது ஓடும் காரில் இருந்து, மடியில் ஒரு சட்டி இறைச்சிக் கறியோடு. ஆல்ப்ஸ் மலையைப் பார்த்தது ஒரு குசினி ஜன்னலால், வெங்காயம் வெட்டிக்கொண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் ‘தம்பி’ அல்லது ‘அண்ணை’, எனக்குச் சோபா. அவள் ‘தம்பியின்ரை பெண்சாதி’, அவளுக்கு அகப்பை.

ஆகவே இந்த முறை அவள் நிபந்தனை போட்டாள். “நாலே நாலு நாள். ஒருத்தற்றை வீட்டுப் படியும் மிதிக்கக் கூடாது. ஒருத்தரும் என்னைக் குசினிக்குள்ளை கூப்பிடக் கூடாது. நான் இன்னாற்றை பெண்சாதி, இன்னாற்றை மச்சாள் எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது. எனக்குக் கடலைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கோணும்.” எனக்கு மனம் கரைந்துவிட்டது. அந்தோனியார் மேல் சத்தியம் செய்து கொடுத்தேன்.

படங்கள் போட்ட வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை நூலகத்தில் இருந்து எடுத்து வந்தாள். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்து, அப்பளம் கேட்டு வந்தவர்களையும் காக்க வைத்து, எந்தக் கோபுரம், எந்த மலைமுகடு என்று கோடு போட்டாள். யாராவது “எங்கை பயணமோ?” என்று எட்டிப் பார்த்தால் புத்தகத்தை மூடி, “பிள்ளையின்ரை ஹோம்வேர்க்” என்பாள். செய்தி வெளியே போனால் கூட வர நாலு பேர் புறப்படுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஆனால் பிள்ளைகள் இரண்டு பேரையும் யாரிடமாவது விடவேண்டும். விடக்கூடிய இடம் எட்மண்டனில் இருக்கும் என் பெரியக்கா வீடுதான். அக்காவுக்குச் சொல்லாமல் அக்கா வீட்டில் பிள்ளைகளை விட வழியில்லை.

“அயர்லாந்துக்கோ? அங்கை ஆரிட்டைப் போறியள்?” என்றா அக்கா.

“ஒருத்தரிட்டையும் இல்லை அக்கா. இடம் பாக்கப் போறம்.”

“இடம் பாக்கவோ? காணி கீணி வாங்கப் போறியளோ?”

வெறுமனே பார்ப்பதற்காக மனிதர்கள் கடல் தாண்டுவார்கள் என்பது அக்காவின் மனதில் ஏறவில்லை. எங்களுக்கு அங்கே ஆட்கள் இல்லாத குறையைத் தீர்க்கத் தொலைபேசியும் கையுமாக உட்கார்ந்தா. அன்று பின்னேரத்துக்குள் ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்டா. அத்தானின் ஒன்றுவிட்ட தங்கச்சியின் மகள், பெயர் வதனி, கலியாணம் கட்டி எனிஸ் என்ற ஊரில் இருக்கிறாளாம். ரெஜினா கோடு போட்டிருந்த கடற்கரைக்கு மிகக் கிட்ட. அடுத்த நாள் ஒரு பார்சல் தயார். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், எள்ளுருண்டை, தட்டை வடை, ஒரு சீலை.

“கையோடை குடுத்துப்போட்டு ஒரு நேரம் சாப்பிட்டிட்டு வா. பாவம், அங்கை தனியக் கிடக்கிற பிள்ளை.”

அக்காவுக்கு ‘ஏலாது’ என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. சத்தியத்தை மீறவும் மனம் இல்லை. இரவு முழுக்க யோசித்து ஒரு வழி கண்டேன். வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது என்றுதானே சத்தியம்? கார்ப் பார்க்கில் படி ஏது? வதனியின் புருசன் அருளுக்கு ரகசியமாகப் போன் எடுத்தேன். வீட்டுக்கு வர நேரம் இல்லை, மூன்றாம் நாள் மத்தியானம் மோஹர் மலைமுகட்டுக் கார்ப் பார்க்கில் நிற்போம், வந்து பார்சலை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். ரெஜினாவைக் கடலைப் பார்க்க அனுப்பிவிட்டு, இரண்டு நிமிடத்தில் கொடுத்து அனுப்பிவிடுவது என் திட்டம். பார்சலை ஸ்பேர் ரயருக்கு அடியில் ஒளித்தேன்.

காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனோம். எங்கள் கார் ஹொலண்டில் வாங்கியது, ஸ்டியரிங் இடப்பக்கம். லண்டனில் அதனால் பெரிய தொந்தரவு இல்லை. அயர்லாந்தின் ஒடுங்கிய ரோட்டுகளில் அது ஒரு தனி வாழ்க்கை. வேலிப் பற்றைகள் என் காதைச் சொறிந்துகொண்டு போயின. எதிரே என்ன வருகிறது என்பது நடு ரோட்டுப் பக்கம் இருக்கும் ரெஜினாவுக்குத்தான் தெரியும். முன்னால் போகும் வாகனத்தை முந்துவது அவள் கையில்.

“பொறுங்கோ… பொறுங்கோ… இப்ப போங்கோ… வேண்டாம், வேண்டாம்.”

செம்மறி ஆடுகள் ஏற்றிய ஒரு டிராக்டர்ப் பெட்டிக்குப் பின்னால் இப்படியே அரை மாவட்டம் போனோம். ஆடுகளுக்கு எங்கள் முகம் பழகிவிட்டது. கடைசியில் டிராக்டர்க்காரர் ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து, ஜன்னலைத் தட்டினார். “ஐயா, உங்களுக்கு வழி தெரியவில்லையா, அல்லது இவற்றில் ஒன்றை வாங்கும் எண்ணமா?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரே ஒரு ஆறுதல், அந்த நாட்டில் வேகப் பலகைகளை மைலில் இருந்து கிலோமீட்டருக்கு மாற்றி அதிக காலம் ஆகவில்லை. கிலோமீட்டர் மட்டும் காட்டும் காரில், லண்டனில் எந்நேரமும் மைலை மனதுக்குள் பெருக்கிக்கொண்டு ஓடும் எனக்குச் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

முதல் இரவு தங்கிய வீட்டுக்காரி வெள்ளை முடியும் சிவந்த கன்னமுமாக இருந்தார். காலையில் முட்டை, இறைச்சிக் குழல், கறுப்பாக வட்டம் வட்டமாக ஏதோ ஒன்று என்று சாப்பாட்டுக் கோப்பை நிறையக் கொண்டுவந்து வைத்தார். கறுப்பு வட்டம் என்னவென்று கேட்டேன். பன்றி இரத்தத்தில் செய்தது என்றார். ஊரில் ஆட்டு இரத்தத்தை வறுத்துச் சாப்பிட்டு வளர்ந்த நான் எந்தக் கூச்சமும் இல்லாமல் சாப்பிட்டேன். ரெஜினா கைப்பையில் இருந்து மிளகாய்ச் சோஸ் போத்தலை எடுத்து எல்லாவற்றையும் சிவப்பாக்கினாள். வீட்டுக்காரி அதைக் கவலையோடு பார்த்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“உங்களுக்கு இந்தப் பக்கம் யாராவது சொந்தம் உண்டா?”

ரெஜினா முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டாள். இல்லை என்றேன். “ஐயோ, ஒருவருமே இல்லையா?” என்று அந்த மனுசி உண்மையாகவே மனம் வருந்தினார். பிறகு, லண்டனில் எங்கே இருக்கிறோம், அங்கே கட்டட வேலை செய்யும் தன் சின்னம்மா மகனைத் தெரியுமா என்று விசாரித்தார். காரில் ஏறியதும் ரெஜினா சொன்னாள்: “உங்கட பெரியக்காவை வெள்ளை பூசி இஞ்சை விட்டிருக்கினம்.”

அன்று போன இடம் கிளென்டலோக். இரண்டு மலைக்கு நடுவே பழைய துறவிகளின் மடம் இருந்த இடம். கல்லறைகளுக்கு நடுவே பென்சில் மாதிரி ஒரு வட்டக் கோபுரம் நிற்கிறது. அதன் வாசல் ஆள் உயரத்துக்கும் மேலே. படி கிடையாது. கொள்ளைக்காரர் வந்தால் துறவிகள் ஏணியால் ஏறி உள்ளே போய், ஏணியை மேலே இழுத்துவிடுவார்கள் என்று ஒரு வழிகாட்டி சில அமெரிக்கர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நான் ரெஜினாவுக்குத் தமிழில் சொன்னேன். அவள் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

“சொந்தக்காரர் வந்தாலும் இழுக்கலாம்” என்றாள்.

நான் போய், காரின் பின் பெட்டி பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று பின்னேரம் நாட்டைக் குறுக்கே வெட்டி மேற்குக் கரைக்குப் போனோம். “என்ன, கார் முழுக்க எங்கட கடை மாதிரி மணக்குது?” என்று இரண்டு முறை கேட்டாள். கடைக்காரனுடைய கார் வேறு எப்படி மணக்கும் என்று சமாளித்தேன்.

மூன்றாம் நாள் காலை, மலைமுகட்டுக்குப் போகும் வழியில் ஒரு புனிதக் கிணறு. உள்ளே போகும் ஒடுங்கிய பாதை நெடுகச் செபமாலைகள், சொரூபங்கள், பிள்ளைகளின் படங்கள், நோயாளிகளின் படங்கள். வெளியே மரத்தில் துணித் துண்டுகள் கட்டியிருந்தார்கள். எங்கள் ஊர்க் கோயில்களில் நேர்த்தி வைத்துக் கட்டுவது போலவே இருந்தது. இந்த வெள்ளைக்காரரும் கடவுளோடு பேரம் பேசுகிறவர்கள்தான் என்று கண்டதும் எனக்கு அவர்கள் மேல் ஒரு பிரியம் வந்தது. ரெஜினா முழந்தாளிட்டுச் செபித்தாள். என்ன கேட்டாய் என்றேன். “நீங்கள் சொன்ன சொல்லிலை நிக்கோணும் எண்டு” என்றாள். நானும் அவசரமாக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

மோஹரில் எங்களை வரவேற்றது பனிப்புகார். அப்போது அங்கே புதிதாகக் கட்டடம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கிரேனின் பாதிதான் தெரிந்தது. உலகமே பார்க்க வரும் மலைமுகடு எங்கே என்று தெரியவில்லை. வெளியே வந்துகொண்டிருந்த ஒரு உள்ளூர்க்காரர், “ஒரு மணித்தியாலம் பொறுங்கள், அது எங்கேயும் போய்விடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். ரெஜினாவைக் காருக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, கழிப்பறை தேடும் சாட்டில் அருளைத் தேடிப் போனேன். அந்தக் கார்ப் பார்க்கைப் புகாருக்குள் முழுதாகச் சுற்றினேன். தமிழ் முகம் எதுவும் தட்டுப்படவில்லை.

திரும்பி வந்தபோது அந்த முகங்கள் என் காருக்குப் பக்கத்தில் நின்றன. கம்பளித் தொப்பி போட்ட ஒரு இளம்பெண். கையில் துணியால் கட்டிய ஒரு பெரிய சட்டி. பின்னால் இன்னொரு சட்டியும், பாயும், பிளாஸ்க்குமாக ஒரு மெலிந்த மனிதன். வீட்டுக்கு வர நேரம் இல்லை என்றேன் அல்லவா? அவர்கள் வீட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

“நீங்கள் லண்டனாலை வந்த ஆக்களோ? எட்மண்டன் மாமியின்ரை தம்பி வீட்டுக்காரரோ?” என்று வதனி ரெஜினாவைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரெஜினா என்னை ஒரு தரம் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது அவளுக்கு. மிளகாய்த்தூள் மணம் கூட விளங்கியிருக்கும். பிறகு வதனியின் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

“இல்லீங்க. நாங்க கோயம்புத்தூருங்க.”

ரெஜினா முன்பு ஒரு சாண்ட்விச் தொழிற்சாலையில் வேலை செய்தவள். பக்கத்து மேசையில் நின்றவள் கோயம்புத்தூர்ப் பெண். நாள் முழுக்க அந்தத் தமிழைக் கேட்டவளுக்கு அது நாக்கில் நின்றுவிட்டது. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் அக்காவின் முகம், மறு பக்கம் அந்தோனியாரின் முகம்.

“ஆமாங்க” என்றேன்.

வதனியின் முகம் வாடிப்போனது. பிறகு தேறிக்கொண்டாள். “பரவாயில்லை. அவை பிந்தி வருவினம்போலை. நீங்களும் தமிழ் ஆக்கள்தானே, வாங்கோ, சாப்பாடு நிறையக் கிடக்கு, ஆறப் போகுது.”

தப்ப முடியுமா? மதில் ஓரத்தில் புல்லில் பாயை விரித்தாள். எங்களுக்காகச் சமைத்த சாப்பாட்டை, நாங்கள் அல்லாத ஆட்களாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அருள் கொஞ்சம் அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு, லண்டன் ஆட்களுக்குப் போன் எடுக்க சிக்னல் தேடிப் புகாருக்குள் போனான். என் போனை நான் ஏற்கெனவே அணைத்துவிட்டேன்.

“இது புட்டு. உங்கட பக்கம் செய்வியளோ?”

“கேள்விப்பட்டிருக்கோமுங்க” என்றாள், தினமும் புட்டு அவிக்கும் ரெஜினா.

பிளாஸ்க்கில் சொதி வைத்திருந்தாள் வதனி. தேங்காய்ப்பாலும் பச்சை மிளகாயுமாகச் சொதி வைப்பது எப்படி என்று விளக்கினாள். ரெஜினா “அப்படீங்களா, அப்படீங்களா” என்று கேட்டுக்கொண்டாள். ஆட்டிறைச்சியை முதலில் ரெஜினாவுக்குத்தான் போட்டாள் வதனி. பிறகு இன்னொரு அகப்பை. கலியாணம் கட்டிய நாளில் இருந்து எங்கள் ஆட்களின் சாப்பாட்டில் ரெஜினா முதலில் சாப்பிட்டதை நான் கண்டது அன்றுதான். அவள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆட்டுப் பெட்டிக் கதையை நடித்துக் காட்டினாள். வதனிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. என் மனைவி இவ்வளவு பகிடிக்காரி என்று என் சொந்தக்காரர் ஒருவருக்கும் தெரியாது. எனக்கே பாதிதான் தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் வதனி குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, நீங்கள் எங்கட ஆக்கள் இல்லை எண்டபடியாலை சொல்லுறன். நான் இஞ்சை கடலிலை பலகை போட்டு அலை ஏறப் பழகுறன். அந்த இறுக்கின றப்பர் உடுப்பு போட்டுக்கொண்டு. கிழமைக்கு மூண்டு நாள் போவன். இவர்தான் கரையிலை துவாயோடை நிப்பார். லண்டன் ஆக்கள் வாறதெண்டு கேள்விப்பட்ட உடனை பலகையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக் கொட்டிலுக்கை ஒளிச்சனான். அந்த எட்மண்டன் மாமிக்குத் தெரிஞ்சால் இரவைக்கே என்ரை அம்மாவுக்குப் போன் போகும். அம்மா என்னைக் கடலுக்குப் போக விடமாட்டா. எனக்கு இந்த ஊரிலை இருக்கிற ஒரே சந்தோசம் அதுதான்.”

சொல்லிவிட்டு, இன்னொரு அகப்பை இறைச்சியோடு என் கோப்பைக்கு வந்தாள். அவள் சொன்னதிலேயே மனம் கிடந்ததால் நான் என்னை மறந்தேன்.

“காணும் பிள்ளை, காணும்” என்றேன்.

அகப்பை நடுவழியில் நின்றது. கோயம்புத்தூர்க்காரன் ‘போதும்’ என்பான் என்று அவளுக்குத் தெரியாதா? என்னைப் பார்த்தாள். ஐரோப்பாவில் இருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்த எங்கள் ஆட்களின் கார்களில் இருக்கும் அந்த இடப்பக்க ஸ்டியரிங்கைப் பார்த்தாள். அவள் முகத்தில் இரத்தம் இல்லை. கண் கலங்கிவிட்டது. ரெஜினாதான் கையை நீட்டி, வதனியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“பயப்படாதீங்க கண்ணு” என்றாள், கோயம்புத்தூர்த் தமிழிலேயே. “எங்களுக்கு எட்மண்டன்ல யாரையும் தெரியாதுங்க.”

வதனி கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். பிறகு முதலில் உதடு சிரித்தது, பிறகு முகம் முழுவதும். என் பக்கம் திரும்பி, முகத்தை மிக நேராக வைத்துக்கொண்டு கேட்டாள்: “அண்ணை, லண்டன் ஆக்கள் உங்களிட்டை ஒரு பார்சல் தந்து விட்டிருப்பினமே?”

நான் எழுந்து போய் ஸ்பேர் ரயரைத் தூக்கினேன். முதுகில் ரெஜினாவின் பார்வை சுட்டது.

அருள் சிக்னல் கிடைக்காமல் திரும்பி வந்தபோது பார்சல் வதனியின் மடியில் இருந்தது. லண்டன் ஆட்கள் வரமாட்டார்களாம், பார்சலை இவர்களிடம் கொடுத்து விட்டார்களாம் என்று அவனுக்குச் சொன்னாள். அவர்கள் சட்டிகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது புகாரும் கிளம்பத் தொடங்கியது. மலைமுகடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெளியே வந்தன. கீழே, மிகக் கீழே, கடல். ரெஜினா மதிலில் கையூன்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“சத்தியம் என்ன மாதிரி?”

“படி மிதிக்கேல்லையே” என்றேன்.

“ஓம். அதாலைதான் இன்னும் உங்களோடை கதைக்கிறன்.”

லண்டனுக்கு வந்து பிள்ளைகளைக் கூட்டிவரப் போனபோது அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டா.

“வதனி போன் எடுத்தவள். ஆரோ கோயம்புத்தூர் ஆக்களிட்டைப் பார்சலைக் குடுத்து விட்டனியாம். உனக்கு வெக்கம் இல்லையோ தம்பி? உன்ரை பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு ஒருக்கால் போய் எட்டிப் பாக்க ஏலாதோ?” பிறகு குரல் கனிந்தது. “அந்தக் கோயம்புத்தூர் மனுசி என்ன மாதிரி மனுசியாம். அவ்வளவு பகிடியாம், அவ்வளவு அன்பாம். தனக்கு ஒரு கூடப்பிறந்த அக்கா கிடைச்ச மாதிரி இருந்ததெண்டு வதனி அழுகிறாள். அப்பிடியும் உலகத்திலை பொம்பிளையள் இருக்கினம்.”

சொல்லிவிட்டு ரெஜினாவை ஒரு பார்வை பார்த்தா. ரெஜினா தலையைக் குனிந்து சின்னவனின் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் பிள்ளைகள் பின் சீற்றில் நித்திரையாகிவிட்டார்கள். தோர்ண்டன் ஹீத்தை நெருங்கும்போது, அக்கா சொன்னதில் கோபமா என்று கேட்டேன்.

“இல்லை” என்றாள் ரெஜினா. “அடுத்த வருசமும் அந்தக் கோயம்புத்தூர்க்காரியையே கூட்டிக்கொண்டு போங்கோ.”